குதிநாண் நோவுக்கு எது சரி: ஓய்வா, மாத்திரையா, எண்ணெய்க் கட்டா, பயிற்சியா, ஊசியா?

நல்லூர்க் கோயில் திருவிழா முடிந்து கொடி இறங்கிய மறுகிழமையே இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். 25 நாளும் வெறுங்காலோடு மணலில் வீதி சுற்றியவர்கள், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்குப் பின்னால் சுரீர் என்கிறது என்பார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்களும் சொல்வார்கள். பின்னேரங்களில் ஓவர் கேம் என்ற கரப்பந்து விளையாடும் நாற்பது வயதுப் பொடியன்மாரும் சொல்வார்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

"நரம்பு இழுத்திட்டுது அண்ணை. எண்ணெய் போட்டுக் கட்டட்டோ, இல்லாட்டி ஊசி அடிக்கட்டோ?"

எங்கள் ஊரில் தோலுக்குக் கீழே நீளமாக இருக்கும் எல்லாமே நரம்புதான். இங்கே இழுத்தது நரம்பு இல்லை, குதிநாண். கெண்டைச்சதையைக் குதி எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு. உடம்பிலுள்ள நாண்களில் தடித்ததும் பலமானதும் இதுதான். ஓடும்போது உடல் எடையைப்போல 6 முதல் 8 மடங்கு பாரம் இதில் விழுகிறது. 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய அரைத் தொன், அதுவும் ஒவ்வோர் அடிக்கும்.

முதலில், இது குதிநாண்தானா?

கட்டிலில் குப்புறப் படுத்துப் பாதத்தை வெளியே தொங்கவிடுங்கள். வீட்டில் யாரையாவது பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அந்த நாணை மெல்லக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். குதி எலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றருக்குள் நோ இருக்கிறதா? மற்றக் காலைவிடத் தடித்து, கச்சான் பருப்பளவு முடிச்சொன்று விரலில் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் நாணின் நடுப்பகுதி. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே நோவென்றால் அடிப்பகுதி. இந்த இரண்டையும் பிரித்து அறிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி என்று வரும்போது இது தேவைப்படும்.

உள்ளங்காலில், குதிக்கு நேர் அடியில் நோவென்றால் அது வேறு வருத்தம். 10 முதல் 14 வயதுப் பிள்ளைக்குக் குதி நோவென்றால் பெரும்பாலும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் நோ, நாணின் நோ இல்லை. இரண்டு கணுக்காலும் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் சிக்குன்குனியாவையும் யோசிக்க வேண்டும்.

இரண்டு விடயத்துக்கு மட்டும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். ஒன்று, 'டப்' என்ற சத்தம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ஓர் உணர்வு. அதற்குப் பிறகு அந்தக் காலால் நுனிவிரலில் எழும்ப முடியாமை. நாண் அறுந்திருக்கலாம். மற்றது, ஒரு காலின் கெண்டைச்சதை முழுவதும் வீங்கிச் சூடாக இருப்பது. அது குழாய்க்குள்ளே இரத்தம் கட்டியதாக இருக்கலாம். இந்த இரண்டையும் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது.

ஏன் வந்தது?

பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நாண் பழகாத வேலையைத் திடீரென்று கொடுத்தது. பத்து மாதம் கந்தோர்க் கதிரையில் இருந்துவிட்டு, பதினொராம் மாதம் தினமும் இரண்டு நேரம் கோயிலுக்கு நடப்பது. அதுவும் மணலில். மணலில் குதி புதையும்போது நாண் கூடுதலாக இழுபடும். காலம் முழுக்கக் குதி உயர்ந்த சப்பாத்துக்குப் பழகியவர் ஒரேயடியாக வெறுங்காலுக்கு மாறினாலும் இதே கதைதான். மூன்று வருடம் விட்டுவிட்டு ஓவர் கேமுக்குள் இறங்கிச் சேர்விசுக்குப் பாய்ந்து எழும்பினால், அடுத்த நாள் மாடிப்படி இறங்கும்போது பதில் கிடைக்கும்.

சுமை வெளியிலிருந்து வருகிறது. அதைத் தாங்காத பலவீனம் சிலருக்கு உள்ளே இருக்கிறது. நீரிழிவு, உடற்பருமன், கூடிய கொலஸ்ட்ரோல், யூரிக் அசிட், வயது 30ஐத் தாண்டியது, இறுகிய கெண்டைச்சதை. இவற்றில் நீரிழிவை நான் தனியாகக் கேட்பேன். சீனி கூடி இருந்த காலம் நீள நீள நாணும் விறைத்துப் போகிறது.

யாரும் சந்தேகப்படாத இன்னொன்று, மருந்து. சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக் மாத்திரைகள் நாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008இல் இவற்றின் பெட்டியில் நாண் அறுதல் பற்றி ஆகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. சலத்தில் எரிவு என்று பழைய துண்டைக் காட்டி மருந்து வாங்கிப் போட்ட கிழமையில் குதி நொந்தால், அந்தச் சங்கதியை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எதை வைத்து நிறுப்பது?

காசை மட்டும் வைத்து நிறுத்தால் பிழைத்துவிடும். அரசாங்க வைத்தியசாலையில் காசே இல்லை, ஆனால் அரை நாள் போகும். நான் பார்ப்பது இவை: நோ வந்து எத்தனை நாள்? நோ நடுவிலா அடியிலா? வேறு என்ன வருத்தம், என்ன மருந்து? அடுத்த இரண்டு மாதத்தில் இந்தக் காலுக்கு என்ன வேலை காத்திருக்கிறது? நோவை அடக்குவது மட்டும் போதுமா, நாண் பலமடையவும் வேண்டுமா?

இதில் முதல் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் திருப்பிப் போடும். இந்த நோவுக்கு வைத்திருக்கும் தசைநாண் அழற்சி என்ற பெயரில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. முதல் சில நாட்களில் வீக்கமும் சூடும் இருக்கும், அது சரி. மாதக் கணக்கில் இழுபட்ட நாணைப் பார்த்தால் அழற்சியைவிடச் சிதைவுதான் கூடத் தெரியும். ஒழுங்காக முறுக்கியிருந்த கயிற்றில் இழைகள் பிரிந்து, இடையில் நீர் ஊறி, தடித்துப் போயிருக்கும். அழற்சியைக் குறைக்கும் மருந்து அங்கே போய் எதைக் குறைக்கப் போகிறது?

ஓய்வு

முதல் நான்கைந்து நாளுக்கு நல்ல தெரிவு. செலவு இல்லை. பாய்ச்சலையும் ஓட்டத்தையும் நிறுத்தி, குதி சற்று உயர்ந்த செருப்புப் போட்டு நடந்தால் பலருக்கு அதுவே பாதி சுகம். தட்டையான றப்பர் செருப்பு இந்த நாட்களில் வேண்டாம். சப்பாத்துக்குள் குதிக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு அட்டை (குதித் தடுப்பு) வைத்தாலும் நாணின் இழுவை குறையும்.

மறைவான செலவு, நாட்கள் நீளும்போது வரும். ஒரு மாதம் காலைத் தூக்கி வைத்திருந்தால் நோ போய்விடும். கூடவே கெண்டைச்சதையும் மெலிந்துவிடும். நாண் முன்பைவிடக் குறைந்த சுமைக்குப் பழகிவிடும். பிறகு மைதானத்துக்குப் போன முதல் நாளே பழையபடி. "நல்லா ஓய்வெடுத்தும் திரும்ப வந்திட்டுது" என்று குறைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, ஓய்வெடுத்ததால்தான் திரும்ப வந்தது என்று.

மாத்திரையும் பூச்சும்

பனடோல், டைக்ளோபெனக், இபுபுரோபன், மேலே பூசும் ஜெல். புதிய நோவுக்கு இரவு நித்திரை கொள்ள உதவும். பழைய நோவுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஜெல் என்றால் வயிற்றுக்கு ஆபத்துக் குறைவு, நாணும் தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. மாத்திரைக்கு முன் அதை முயன்று பார்க்கலாம்.

டைக்ளோபெனக் வகையின் செலவு கடையில் கொடுக்கும் காசோடு முடியாது. வயிற்றுப்புண், சிறுநீரகம், பிரஷர் மூன்றையும் அது தொடும். இங்கே யாழ்ப்பாணத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். அந்தக் காலத்தில் கால் நோவுக்கு டைக்ளோபெனக் போட்டுக்கொண்டிருக்கையில் காய்ச்சல் பிடித்தால் உடனே நிறுத்துங்கள். டெங்கில் அந்த வகை மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்.

என் கதை இந்த இடத்தில்தான். மூன்று வருடத்துக்கு முன் குதி நொந்தபோது, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு ஓவர் கேமுக்குப் போவேன். நோவே தெரியாது. இப்படி மூன்று கிழமை. நாலாம் கிழமை காலையில் கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாத்திரையில் பிழை இல்லை. அது சொன்ன வேலையைச் செய்தது. எச்சரிக்கை மணியை நான்தான் நிற்பாட்டி வைத்தேன்.

எண்ணெயும் கட்டும்

முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதை நான் பகிடி பண்ண மாட்டேன். எங்கள் அம்மம்மாவின் முறிந்த மணிக்கட்டு அப்படித்தான் ஒட்டியது. குதிநாணுக்கு அங்கே கிடைப்பது இரண்டு: கெண்டைச்சதைக்கு எண்ணெய் போட்டு நீவுதல், அப்புறம் அசையாமல் ஒரு கட்டு. சதையின் இறுக்கம் தளர்ந்தால் நாணின் இழுவை குறையும், அது உண்மை. கட்டுப் போட்டால் நீங்கள் ஓடப் போவதில்லை, அதுவும் ஓய்வுதான். கைதடிச் சித்த வைத்தியசாலையில் முறையாகப் படித்த வைத்தியர்கள் பார்ப்பார்கள், அங்கும் காட்டலாம்.

கவனிக்க வேண்டியது எங்கே கை வைக்கிறார்கள் என்பதை. சதையில் நீவுவது நல்லது. நொந்துகொண்டிருக்கும் நாணையே, முக்கியமாக எலும்போடு ஒட்டும் இடத்தை, அழுத்தித் தேய்த்தால் கூடிப்போகும். நீரிழிவுக்காரருக்கு இன்னொரு பொறி: காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூட்டு ஒத்தணம் கொடுத்தால், சுட்டது அடுத்த நாள் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒத்தணம் கொடுப்பதென்றால் வீட்டில் வேறொருவர் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

பயிற்சி

1990களில் சுவீடனில் ஹோக்கன் அல்பிரட்சன் என்ற எலும்புச் சத்திரசிகிச்சை வைத்தியருக்கே இந்த நோ இருந்தது. சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள் என்று கேட்க, மேலே இருந்தவர் மறுத்துவிட்டாராம். சரி, நாணைக் கெடுத்துக் கொண்டு வந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று, நோவைப் பாராமல் குதியை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தாராம். நாண் கெடவில்லை, சுகமாகிவிட்டது. 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 15 ஓட்டக்காரர்கள் 12 கிழமைப் பயிற்சிக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அதன்பின் உலகம் முழுவதும் குதிநாணுக்கு முதல் சிகிச்சை என்றால் பயிற்சி என்றாகிவிட்டது.

முறை இது. விறாந்தைப் படியின் விளிம்பில் பாதத்தின் முன்பாதி மட்டும் நிற்க, கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் நுனிவிரலில் எழும்புங்கள். பாரத்தை நோக் காலுக்கு மாற்றி, மெதுவாக, மூன்று எண்ணுவதற்குள் குதியைப் படிக்குக் கீழே இறக்குங்கள். திரும்ப இரண்டு காலாலும் மேலே. முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடித்து 15 தடவை மூன்று சுற்று. இது காலையில், பின்னேரமும் இதே அளவு. நாளுக்கு 180. நோ குறைந்து இலேசானதும் பிள்ளையின் புத்தகப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு செய்யலாம். நான் செய்யும்போது பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் பார்த்து, "என்ன தம்பி, அரிசியோட எங்க வெளிக்கிட்டாய்?" என்று கேட்டா.

அடிப்பகுதி நோவென்றால் படி வேண்டாம். சமதரையில் எழும்பி இறங்குவதோடு நிறுத்துங்கள். குதி கீழே போகப் போக நாண் எலும்போடு நசிபடும். அதே காரணத்துக்காக நீண்ட நேரம் குந்தி இருந்து கீரை ஆய்வதையும், புல்லுப் பிடுங்குவதையும் இவர்கள் கொஞ்ச நாளைக்கு ஒரு சின்னப் பலகைக் கட்டையில் இருந்து செய்யலாம்.

செய்யும்போது நோகும். நோகலாம். பத்துக்கு ஐந்துவரை என்றால் பயமில்லை, அடுத்த நாள் காலை முதல் அடியில் அது கூடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இதன் மறைவான செலவு பொறுமை. முதல் மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அநேகமானோர் விடுவது அங்கேதான். நாளுக்கு 180 சரிவராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: பாரத்தைக் கூட்டி, மெதுவாக, கிழமைக்கு மூன்று நாள் மட்டும். டென்மார்க்கில் 2015இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள், பலன் ஒன்றுதான், நேரம் மிச்சம். ஜிம்முக்குப் போகிற பொடியனுக்கு இதையே சொல்வேன். ஒரு விடயத்தையும் மறைக்கக் கூடாது: விளையாடாதவர்களிலும் அடிப்பகுதி நோவுள்ளவர்களிலும் இந்தப் பயிற்சி ஓட்டக்காரருக்குக் கொடுத்த அளவு பலனை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அவர்கள் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்குத் துண்டு வாங்கிக்கொண்டு ஆளோடு சேர்ந்து செய்வது நல்லது.

ஊசி

ஸ்டீரொயிட் ஊசியின் கவர்ச்சி எனக்கு விளங்குகிறது. அடித்த சில நாளில் நோ பறந்துவிடும். ஆனால் நாண் நோக்களில், முக்கியமாக முழங்கை நாண் நோவில், இந்த ஊசி முதல் சில கிழமைக்கு நன்றாக இருந்து, மாதங்கள் போனபின் ஊசி போடாதவர்களைவிடப் பின்னுக்கு நின்றதாகவே ஆய்வுகள் காட்டின. அதிலும் குதிநாண் உடம்பைத் தாங்கும் நாண். அதற்குள் ஸ்டீரொயிட் போனால் அறும் ஆபத்து உண்டு, அதனால் பல வைத்தியர்கள் அந்த இடத்தில் அடிக்கவே மாட்டார்கள். நீரிழிவுக்காரருக்குச் சீனியும் சில நாள் ஏறும். என்னிடம் ஓர் இடத்தில் "ஒன்றடிச்சால் சரி" என்றார்கள். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சொந்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து அடிக்கும் ஊசியைக் கொழும்புக்குப் போய் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2010இலும் 2021இலும் வந்த நல்ல ஆய்வுகளில் அது வெறும் ஊசியைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. பஸ் காசு மிச்சம். அதிர்வலைச் சிகிச்சை பயிற்சியோடு சேர்த்துச் சிலருக்கு உதவுகிறது. சத்திரசிகிச்சை, ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சரிவராதவர்களுக்கு.

| | எப்போது பலன் | நாண் பலமடையுமா | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஓய்வு | சில நாளில் | இல்லை | சதை மெலியும், திரும்ப வரும் | முதல் 4–5 நாள் |
| மாத்திரை, ஜெல் | சில மணி நேரத்தில் | இல்லை | வயிறு, சிறுநீரகம், டெங்குக் காலம் | புதிய நோ, நித்திரைக்கு |
| எண்ணெய், கட்டு | சில நாளில் | இல்லை | நாணில் தேய்த்தால் கூடும். சூடு படலாம் | இறுகிய கெண்டைச்சதை |
| பயிற்சி | 6–12 கிழமை | ஆம் | பொறுமை, தினமும் நேரம் | மாதக் கணக்கான நோ |
| ஸ்டீரொயிட் ஊசி | சில நாளில் | இல்லை, பலவீனமாகலாம் | நாண் அறுதல், சீனி ஏற்றம் | குதிநாணுக்குத் தவிர்ப்பது நல்லது |

அப்போ, நான் எதை எடுப்பேன்?

நோ வந்து ஒரு கிழமைக்குள் என்றால் ஓய்வு, குதித் தடுப்பு, ஜெல். விரும்பினால் சதைக்கு எண்ணெய். நடக்கலாம், பாயக்கூடாது. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

ஆறு கிழமையைத் தாண்டியிருந்தால் பயிற்சிதான், மற்றவை எல்லாம் அதற்குத் துணை. எண்ணெய் போடுகிறவர் போடட்டும், பயிற்சியை மட்டும் நிறுத்த வேண்டாம்.

நீரிழிவும் பிரஷரும் உள்ள ஐம்பத்தைந்து வயது அக்காவுக்கு டைக்ளோபெனக்கை நான் கையில் கொடுக்க மாட்டேன். பனடோல், சமதரைப் பயிற்சி, கிளினிக்குக்குப் போகிற நாளில் காலையும் சேர்த்துக் காட்டுவது.

சந்நிதியிலிருந்து யாத்திரை வெளிக்கிட இன்னும் இரண்டு கிழமைதான் என்று நோவோடு வருபவருக்கு மனசுக்குப் பிடித்த பதில் என்னிடம் இல்லை. இரண்டு கிழமையில் எந்த நாணும் பலமடையாது. ஊசி போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் வெறுங்காலில் நடப்பது எல்லாவற்றிலும் கூடாத தெரிவு. குதி உயர்ந்த செருப்போடு சிறு தூரம் மட்டும் நடந்து, மிச்சத்தை வாகனத்தில் போகலாம். அடுத்த வருடம் முழுதாக நடக்க விருப்பமென்றால் தைப்பொங்கல் முடிந்த கையோடு பயிற்சியைத் தொடங்கச் சொல்வேன். 12 கிழமை கழிய சித்திரை வந்துவிடும். அப்புறம் காலையில் மூன்று கிலோமீற்றர், மறு கிழமை நான்கு, அதில் கொஞ்சத் தூரம் வெறுங்காலில்.